கோட்டுக்கு அந்தப் பக்கம்

எமரால்டு அணையில் சேறு அளக்கப் போனோம்.
நாலு மழைக்காலம்
இத்தலார்ச் சரிவுகளின் கேரட் பாத்திகளை உரித்து
தண்ணீருக்கடியில் போட்டு வைத்திருக்கும் மண்.
அது எவ்வளவு என்று வாரியத்துக்குத் தெரியவேண்டும்.

படகில் பெரிய திரை ஒன்று உண்டு.
ஆழமும் சொல்லும், திசையும் சொல்லும்.
பத்தரைக்கு அவலாஞ்சிப் பக்கமிருந்து மூட்டம் இறங்கியது.
பத்து நாற்பதுக்குத் திரை கறுத்தது.
மின்வாரியப் படகில் மின்சாரம் போனதை
யாரிடம் சொல்லிச் சிரிப்பது?

அப்புறம் டேப்லெட்.
மரக் கணக்கெடுப்புக்கு வாங்கியது,
ஒரு மரத்தையும் எண்ணாமல்
பீரோவில் இரண்டு வருஷம் கிடந்தது.
‘மாற்று ஏற்பாடு’ என்று கோப்பில் ஒரு வரி எழுதி
முந்தின ராத்திரியே
ஏரியின் படத்தை அதில் இறக்கி வைத்திருந்தேன்.
இன்னாசி அதை ஒரு கிலோ ரவை வந்த பையில் நுழைத்து
வாயை மெழுகுவத்தியில் காட்டி ஒட்டினார்.
“கடல்ல போனைப் பலூனுக்குள்ள போடுவோம் மேடம்.
இந்த சைசுக்குப் பலூன் ஊட்டியில கிடைக்கல.”

தங்கச்சிமடத்துக்காரர். ஆறு மாத ஒப்பந்தம்.
இரண்டு ஸ்வெட்டர், அதன் மேல் லைஃப் ஜாக்கெட்,
அதன் மேலும் நடுக்கம்.

நீலப் புள்ளி வந்தது.
படகு, என்ஜின், நான், இன்னாசி, டிபன் கேரியர்
எல்லாம் சேர்ந்து அந்த ஒரு புள்ளி.
சுற்றி வெள்ளை. படகின் மூக்கே தெரியவில்லை.

பைமேல் மூட்டம் கோத்துத் துளியாகி உருண்டது.
திரை அதை விரல் என்று நம்பியது.
ஏரி நழுவியது, மலை நழுவியது,
இமைப்பதற்குள்
ஒன்றும் எழுதாத நீலம், அரபிக்கடல்.
என் விரல் விறைத்திருந்தது.
அதை மட்டும் விரல் என்று நம்ப மறுத்தது.
அக்குளில் வைத்துச் சூடாக்கி
ஊரை மறுபடி இழுத்து வந்தேன்.
பதினேழு சதவீதம்.

வடக்கே, இன்னும் வடக்கே என்றேன்.
புள்ளி கரைக்கோட்டைத் தொட்டது.
தாண்டியது.

இன்னாசி என்ஜினை அணைத்துவிட்டார்.
யோசித்துச் செய்யவில்லை. கை செய்தது.
இரண்டு கையும் தோளுக்கு மேலே
உயர்ந்து நின்றன.

தண்ணீர் பலகையில் தட்டும் சத்தம்.
“கோட்டைத் தாண்டிட்டோம்” என்றார்,
மிக மெதுவாக, யாருக்கோ கேட்டுவிடும்போல.

அந்தப் படம் ஏதோ ஒரு வறண்ட மே மாதத்தில்
மேலேயிருந்து எடுத்தது.
அன்றைக்கு இங்கே தரை.
இப்போது அக்டோபர், அணை நிரம்பியிருக்கிறது.
தரை என்று படம் சொல்லும் இடத்தில்
பதினோரு அடித் தண்ணீரின் மேல் மிதக்கிறோம்.
இதை அவரிடம் சொன்னேன்.
விளக்கம் சரியாகத்தான் இருந்தது.
கைகளுக்கு அது போய்ச் சேர நேரம் பிடித்தது.

எத்தனை மாதம் உள்ளே இருந்தார் என்று
நான் கேட்கவில்லை.
அவர் டிபன் கேரியரைத் திறந்து
ஒரு இட்லியைப் பிட்டு
ஏரியில் போட்டார், மீனுக்கோ எதற்கோ.
மீதியை எனக்குத் தந்தார்.

எங்கோ பக்கத்தில்
ஒரு பஸ் கியர் மாற்றி ஏறியது.
அதுதான் கரை. புள்ளியும் அதையே சொன்னது.
ஒன்பது சதவீதத்தில் சேர்ந்தோம்.

குந்தா ஆபீசில் தடத்தை விரித்துப் பார்த்தார்கள்.
நேராக வந்த கோடு
ஓரிடத்தில் மட்டும் கிறுக்கலாய்ச் சுழன்று கிடந்தது.
“இங்கே இருபத்திரண்டு நிமிஷம்
என்ன செய்தீர்கள்?”

காரணம் என்ற கட்டத்தில்
‘மூடுபனி’ என்று எழுதினேன்.
அதில் ஒரு சொல்லுக்குத்தான் இடம் இருந்தது.